40 வருஷம் வெளியுறவு, 14 வருஷம் அமீர்: குவைத்தின் ஷேக் சபாஹ் பற்றிப் பேசுவோம்

முர்காப்வாசி (இழையைத் தொடங்கியவர்)

வளைகுடா அரச குடும்பம் என்றாலே நம் பத்திரிகைகளில் தங்க முலாம் பூசிய கார், ராஜாளி, எண்ணெய்க் கிணறு என்று ஒரே பல்லவிதான். அந்தக் குடும்பங்களில் அரசியலையும் ராஜதந்திரத்தையும் இளம் வயதிலிருந்தே ஒரு தொழிலாகக் கற்றுத் தேறியவர்கள் இருந்தார்கள். அவர்களில் நான் மிக உயர்வாக மதிப்பவர் ஷேக் சபாஹ் அல்-அஹ்மத் அல்-ஜாபிர் அல்-சபாஹ். பல வருஷம் குவைத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில், அவரைப் பற்றித் தமிழில் உருப்படியாக ஓர் இழை இருக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

பிறந்தது 16 ஜூன் 1929. அப்பா ஷேக் அஹ்மத் அல்-ஜாபிர், 1921 முதல் 1950 வரை ஆட்சியில் இருந்தவர். படிப்பு முபாரக்கியா பள்ளியில், பிறகு வீட்டுக்கு வந்த ஆசிரியர்களிடம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் கிடையாது. 1955-ல் சமூக நலம், தொழிலாளர் துறைக்குத் தலைவர். 1957-ல் அச்சு, வெளியீட்டுத் துறை கைக்கு வந்தது. அங்கே இருந்தபோது அவர் செய்த ஒரு காரியத்தை யாரும் பேசுவதில்லை என்பது எனக்குக் குறைதான். 1958 டிசம்பரில் 'அல்-அரபி' மாத இதழ் அவர் துறையிலிருந்து வெளிவந்தது. எகிப்தைச் சேர்ந்த அஹ்மத் ஸக்கியை ஆசிரியராக அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். குவைத் அப்போது சுதந்திர நாடுகூட இல்லை. ஆனால் மொராக்கோவிலிருந்து இராக் வரை அந்த இதழைக் காத்திருந்து வாங்கிப் படித்தார்கள். சின்ன நாடு தன் பெயரைப் பெரிய இடங்களில் எப்படிப் பதிய வைக்கலாம் என்பதை அந்த மனிதர் 30 வயதுக்குள்ளேயே புரிந்துகொண்டு விட்டார் என்று நினைக்கிறேன்.

1961 ஜூன் 19-ல் பிரிட்டனிடமிருந்து சுதந்திரம். 1963 ஜனவரி 28-ல் வெளியுறவு அமைச்சர். அதே வருஷம் மே 14-ம் தேதி ஐ.நா.வில் 111-வது உறுப்பு நாடாகக் குவைத் சேர்ந்தபோது, நியூயார்க்கில் கொடியை ஏற்றியவர் இவர். இடையில் 1991–92-ல் வந்த ஓர் இடைவெளியைத் தவிர 2003 வரை அதே துறை. 2003 ஜூலையில் பிரதமர், 2006 ஜனவரி 29-ல் அமீர் (நாட்டின் ஆட்சியாளர்), 2020 செப்டம்பர் 29-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் மரணம். வயது 91.

கென்னடி இருந்த காலத்தில் அமைச்சரானவர், டிரம்ப்போடு வெள்ளை மாளிகையில் நின்று பேட்டி கொடுத்தார். இத்தனை நீண்ட பொதுவாழ்வில் அவர் திரும்பத் திரும்பச் செய்த வேலை ஒன்றுதான்: சண்டை போடும் இரண்டு பேருக்கு நடுவில் போய் உட்காருவது. அதை அவர் ஏன் செய்தார், எவ்வளவு தூரம் ஜெயித்தார், உள்நாட்டில் அதே பொறுமை இருந்ததா, இதையெல்லாம் பேசலாம். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

நெய்தல்கரை

நல்ல இழை அண்ணே. குவைத்துக்கும் நமக்கும் உள்ள பழைய தொடர்பு ஒன்றை இங்கேயே பதிந்து விடுகிறேன். சுதந்திரம் வரும்வரை அங்கே புழங்கியது நம் ரூபாய். 1959 முதல் வளைகுடாவுக்கென்றே ரிசர்வ் வங்கி தனி ரூபாய் அச்சிட்டுக் கொடுத்தது. 1961-ல்தான் தினார் வந்தது.

என் கேள்வி: 40 வருஷம் ஒரே ஆளை வெளியுறவில் வைத்திருந்ததற்கு அரச குடும்பத்துக்காரர் என்பது மட்டுமா காரணம்?

---

வரலாற்றுக்கிறுக்கன்

நெய்தல்கரை, காரணம் 1961-லிருந்து 63 வரை நடந்ததில் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுதந்திரம் அறிவித்து ஆறே நாள். ஜூன் 25-ம் தேதி பாக்தாத்தில் இராக் பிரதமர் அப்துல் கரீம் காசிம், "குவைத் இராக்கின் பகுதி" என்று அறிவிக்கிறார். ஜூலை 1-ம் தேதி பிரிட்டிஷ் படை குவைத்தில் இறங்குகிறது. போன வாரம் விடைபெற்றவனையே மறுபடி கூப்பிட வேண்டிய நிலை! பிறகு அரபு லீக் குவைத்தை உறுப்பினராகச் சேர்த்து, பிரிட்டிஷ்காரர்களுக்குப் பதிலாக அரபுப் படையை அனுப்பியது. ஐ.நா.வில் சேர விண்ணப்பித்தால், இராக்கோடு நட்பாக இருந்த சோவியத் யூனியன் 1961 நவம்பரில் வீட்டோ போட்டு மறித்தது.

சபாஹ் அமைச்சரான பத்துப் பன்னிரண்டு நாளில், 1963 பிப்ரவரியில், காசிம் கவிழ்க்கப்பட்டுக் கொல்லப்பட்டார். வாசல் திறந்தது. மார்ச்சில் சோவியத்தோடு தூதரக உறவு, மே மாதம் ஐ.நா. உறுப்பினர், அக்டோபர் 4-ம் தேதி இராக்கே குவைத்தை அங்கீகரித்தது. ஒன்பது மாதத்துக்குள் இத்தனையும்.

அந்த ஒன்பது மாதம் கற்றுக் கொடுத்ததை அவர் கடைசிவரை விடவில்லை. எந்த வல்லரசையும் பகைக்கக் கூடாது, எந்த ஒருவனை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. 1985 வரை, பின்னாளில் வளைகுடா ஒத்துழைப்புக் கவுன்சிலில் சேர்ந்த ஆறு நாடுகளில் குவைத்தில் மட்டும்தான் சோவியத் தூதரகம் இருந்தது. சவூதிக்காரர்கள் முகம் சுளித்தும் அவர் மூடவில்லை.

இந்த உறவு பலன் கொடுத்தது 1987-ல். இராக்–ஈரான் போரில் ஈரான் குவைத்தின் எண்ணெய்க் கப்பல்களைக் குறிவைத்து அடித்துக்கொண்டிருந்த நேரம். குவைத் ஒரே சமயத்தில் வாஷிங்டனிடமும் மாஸ்கோவிடமும் பாதுகாப்புக் கேட்டது. சோவியத் மூன்று கப்பல்களை வாடகைக்குக் கொடுக்கச் சம்மதித்ததும், எங்கே ரஷ்யன் வளைகுடாவுக்குள் வந்துவிடுவானோ என்று ரீகன் அரசு விழுந்தடித்து ஓடி வந்தது. 11 குவைத் கப்பல்களுக்கு அமெரிக்கக் கொடி ஏறியது. ஜூலை 24-ம் தேதி, முதல் அணிவகுப்பிலேயே பிரிட்ஜ்டன் என்ற ராட்சத டேங்கர் கண்ணிவெடியில் மோதியது. ஆனால் முழுகவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள்: காவலுக்கு வந்த அமெரிக்கப் போர்க்கப்பல்கள், இன்னொரு கண்ணிவெடி இருந்தால் தங்களால் தாங்க முடியாது என்று, அடிபட்ட டேங்கருக்குப் பின்னால் வரிசையாகப் போய் நின்றுகொண்டன. காவல் காக்க வந்தவர்களுக்குக் கவசமாகக் குவைத்தின் எண்ணெய்க் கப்பல் முன்னே போனது. இருந்தும் கொடிதான் முக்கியம், அது நிலைத்தது. இரண்டு வல்லரசின் போட்டியை இவ்வளவு துல்லியமாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்ட சின்ன நாடு அந்தக் காலத்தில் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் கொடுக்கும் கை. 1961 கடைசியிலேயே குவைத் நிதியம் என்ற வளர்ச்சிக் கடன் அமைப்பைத் தொடங்கி விட்டார்கள். வளைகுடா, தென் அரேபியப் பகுதிகளுக்கு உதவும் அமைப்புக்குத் தலைவர் சபாஹ்தான். இன்று உலகமே வாய் பிளந்து பார்க்கும் துபாயில் ஒரு காலத்தில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் குவைத் காசில் நடந்தன. டெய்ராவில் இன்றைக்கும் அந்த ஆஸ்பத்திரியைக் குவைத் மருத்துவமனை என்றுதான் சொல்கிறார்கள்.

---

செந்தூரன்_திருச்சி

வரலாற்றுக்கிறுக்கன் எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் இந்த ராஜதந்திரத்தின் இன்னொரு பக்கத்தையும் எழுதுங்கள் சார். அதே இராக்–ஈரான் போரில் குவைத் நடுநிலையாகவா இருந்தது? இராக் அதிபர் சதாமுக்கு ஆயிரம் கோடி டாலருக்கு மேல் கடன் கொடுத்தார்கள். இராக்குக்கான சரக்கெல்லாம் குவைத் துறைமுகத்தில் இறங்கியது. அந்த ஆள்தான் 1990 ஆகஸ்ட் 2-ல் டாங்கியோடு உள்ளே வந்தான். சபாஹின் சகோதரர் ஷேக் ஃபஹத் தஸ்மான் அரண்மனையில் அன்றைக்கே சுடப்பட்டுச் செத்தார். 27 வருஷம் வெளியுறவு பார்த்தவருக்கு அது எவ்வளவு பெரிய தோல்வி?

குவைத் மக்களும் அப்படித்தான் பார்த்தார்கள் என்பது என் கருத்து. விடுதலைக்குப் பிறகு 1991 ஏப்ரலில் அமைந்த அமைச்சரவையில் அவருக்கு வெளியுறவு கிடைக்கவில்லை. 1992 அக்டோபரில் தேர்தல் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார்.

அடுத்தது பாலஸ்தீனர்கள். படையெடுப்புக்கு முன் குவைத்தில் கிட்டத்தட்ட 4 லட்சம் பாலஸ்தீனர்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர்கள், ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தவர்கள், அரசாங்கக் கணக்கு எழுதியவர்கள். பாலஸ்தீனத் தலைவர் அரஃபாத் சதாம் பக்கம் சாய்ந்தார் என்பதற்காக மொத்தச் சமூகமும் வெளியேற வேண்டி வந்தது. மிஞ்சியது சில பத்தாயிரம் பேர். சமரசம் பேசத் தெரிந்த அரசு அந்த மக்களிடம் ஏன் பேசவில்லை?

---

யாழ்வாடை

செந்தூரன் தம்பி சொல்லுற தோல்வியை நாங்கள் நேராய் அனுபவிச்ச ஆக்கள். என்ரை சின்னம்மா அந்த நேரம் ஹவல்லியில ஒரு குவைத்தி வீட்டில வேலை செய்தவ. இலங்கைச் சனம் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் அப்ப குவைத்தில இருந்தினம், முக்கால்வாசி வீட்டு வேலைக்குப் போன பெண்கள். வீட்டுக்காரர் சவூதிப் பக்கம் ஓடினாப் பிறகு கனபேர் பூட்டின வீடுகளுக்குள்ள தனிச்சுப் போச்சினம். சின்னம்மா ஆக்கள் கொஞ்சம் சேர்ந்து பஸ் பிடிச்சு பாக்தாத் போய், அங்கயிருந்து ஜோர்தான் எல்லைக்குப் போனவை. பாலைவனத்தில கூடாரம், குடிக்கிறதுக்குத் தண்ணிக்கு வரிசை. பக்கத்துக் கூடாரத்தில மதுரைக்காரக் குடும்பம் ஒண்டு தங்கடை ரொட்டியைப் பிச்சுக் குடுத்ததை அவ இண்டைக்கும் சொல்லுவா.

ஆனா ஒண்டைச் சொல்ல வேணும். அந்தப் போருக்குப் பிறகு ஐ.நா. ஜெனீவாவில ஒரு இழப்பீட்டு ஆணைக்குழு வைச்சது. இராக்கின்ரை எண்ணெய்க் காசில ஒரு பங்கை எடுத்து, குவைத்தை விட்டு ஓடின சாதாரண தொழிலாளிக்கும் குடுத்தவை. தனி ஆளுக்கு 2,500 அல்லது 4,000 டாலர். ஒரு அரசு இன்னொரு அரசுக்குக் குடுக்கிற போர் நட்டஈட்டில வீட்டு வேலைக்காரிக்கும் பங்கு வந்தது எண்டது சின்ன விசயமில்லை. பெரிய கொம்பனிகளின்ரை கணக்குக்கு முதல் தனி ஆக்களின்ரை கணக்கைத்தான் முடிச்சவை. சின்னம்மா அந்தக் காசிலதான் கொக்குவில் வீட்டுக்குக் கூரை போட்டவ.

குவைத் அந்த ஆணைக்குழுவைக் கடைசிவரை விடேல்லை. மொத்தம் 5,240 கோடி டாலர். கடைசித் தவணை 2022 ஜனவரியிலதான் முடிஞ்சது. சபாஹ் அப்ப உயிரோட இல்லை.

---

முர்காப்வாசி

யாழ்வாடை அக்கா, இதைத்தான் எதிர்பார்த்தேன். நம் பக்கத்திலிருந்தும் ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்கள் வெளியேறினார்கள், பெரும்பாலோர் அம்மான் வழியாகத்தான். ஊரில் இன்றும் "குவைத் சண்டையில் வந்தவர்" என்று சிலரைக் குறிப்பிடுவார்கள்.

செந்தூரன், 1990 அவருக்குப் பெரும் தோல்வி என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மாடி வீடுகள் மூன்றுக்கு நடுவில் ஓட்டு வீடு கட்டிக் குடியிருப்பவன் நிலை குவைத்துக்கு. வடக்கே இராக், கிழக்கே கடலுக்கு அப்பால் ஈரான், தெற்கே சவூதி. எந்த வீட்டுக்காரன் கல் எறிந்தாலும் இங்கேதான் ஓடு உடையும். 1979-க்குப் பிறகு ஈரானைப் பார்த்த பயத்தில் இராக் பக்கம் அளவுக்கு மீறிச் சாய்ந்தார்கள். தன்னுடைய 1963 பாடத்தையே அவர் மறந்த சமயம் அது.

அதற்குப் பிறகு அவர் இராக்கோடு நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். 2012 மார்ச்சில் பாக்தாத்தில் அரபு லீக் உச்சி மாநாடு. வளைகுடா மன்னர்களில் பெரும்பாலோர் போகவில்லை, ஆளனுப்பினார்கள். தன் சகோதரனைக் கொன்ற படை புறப்பட்ட ஊருக்கு இவர் நேரில் போனார். அடுத்த வருஷம் ஐ.நா. பாதுகாப்பு சபை இராக் மீதிருந்த ஏழாம் அத்தியாயக் (படைபலத்தாலும் அமல்படுத்தக்கூடிய) கட்டுப்பாடுகளில் பெரும்பகுதியை நீக்கியது, குவைத் சம்மதித்ததால். 2018 பிப்ரவரியில் இராக்கை மறுபடி கட்டுவதற்கு நிதி திரட்டும் மாநாடு எங்கே நடந்தது? குவைத்தில். 3,000 கோடி டாலர் கடனாகவும் முதலீடாகவும் வாக்குறுதி வந்தது. பழி வாங்கும் வாய்ப்பு கையில் இருந்தபோது அதை எடுக்காமல் விட்டவர். இதற்காகவே அவரை மதிக்கிறேன்.

பாலஸ்தீனர்கள் விஷயத்தில் உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

---

சால்மியா டீச்சர்

நான் சால்மியாவில் ஓர் இந்தியப் பள்ளியில் வேலை பார்த்தவள். பெண்கள் வாக்குரிமை பற்றி ஒருவரும் தொடவில்லையே!

1999-ல் அமீர் ஷேக் ஜாபிர் ஓர் ஆணை மூலம் பெண்களுக்கு ஓட்டு கொடுத்தார். அந்த வருஷமே நாடாளுமன்றம் அதைத் தோற்கடித்தது. பழங்குடித் தலைவர்களும் மதவாத உறுப்பினர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். 2005-ல் சபாஹ் பிரதமர். மே 16-ம் தேதி மறுபடி ஓட்டுக்கு விட்டு, 35-க்கு 23 என்று நிறைவேற்றினார். நீலச் சட்டை போட்டுக்கொண்டு பெண்கள் நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்று போராடிய காட்சிகளை டிவியில் பார்த்தோம். அடுத்த மாதமே மஸூமா அல்-முபாரக் என்ற அரசியல் பேராசிரியை முதல் பெண் அமைச்சர். 2009 தேர்தலில் நான்கு பெண்கள் ஜெயித்தார்கள், அவர்களில் அவரும் ஒருவர். எங்களோடு வேலை பார்த்த குவைத்தி ஆசிரியை ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் பேரீச்சம்பழமும் காப்பியும் கொடுத்தார். அவருக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல்.

ராஜ குடும்பம் கொடுக்க நினைத்ததை மக்கள் பிரதிநிதிகள் தடுத்தார்கள் என்பதையும் செந்தூரன் மாதிரி ஜனநாயகம் பேசுகிறவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

---

செந்தூரன்_திருச்சி

எடுக்கிறேன் டீச்சர். அதே நாடாளுமன்றம்தான் அவரை அமீர் ஆக்கியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2006 ஜனவரி 15-ல் ஷேக் ஜாபிர் இறந்ததும் பட்டத்து இளவரசர் ஷேக் சஅத் அமீரானார். உடம்பு ரொம்ப மோசம். சில வரிதான் இருக்கும் பதவிப் பிரமாணம், அதைக்கூட வாய்விட்டு வாசிக்க முடியாத நிலை. குடும்பத்துக்குள் ஜாபிர் கிளைக்கும் சாலிம் கிளைக்கும் இழுபறி. ஜனவரி 24-ல் நாடாளுமன்றம் ஒருமனதாக ஓட்டுப் போட்டு சஅத்தை விலக்கியது. வளைகுடாவில் வேறெங்காவது மக்கள் சபை ஓர் ஆட்சியாளரைச் சட்டப்படி இறக்கியது உண்டா?

அப்படி வந்தவர் என்ன செய்தார்? 2006, 2008, 2009, 2011, 2012, 2016 என்று சபையைக் கலைத்துக்கொண்டே இருந்தார். 2012 அக்டோபரில் நாடாளுமன்றம் இல்லாத நேரம் பார்த்துத் தேர்தல் சட்டத்தை ஆணை மூலம் மாற்றினார். ஒரு வாக்காளருக்கு நான்கு ஓட்டு இருந்ததை ஒன்றாக்கினார். எதிர்க்கட்சிக்காரர்கள் கூட்டணி கட்டி ஜெயிக்க முடியாமல் போகும் என்பதுதான் கணக்கு. குவைத் வரலாற்றிலேயே பெரிய ஊர்வலங்கள் நடந்தன. "கண்ணியத்தின் ஊர்வலம்" என்றே பெயர் வைத்தார்கள். கண்ணீர்ப்புகை வீசினார்கள். முசல்லம் அல்-பர்ராக் என்ற முன்னாள் உறுப்பினர் அமீரை விமர்சித்துப் பேசியதற்காக இரண்டு வருஷம் உள்ளே இருந்தார். ட்விட்டரில் எழுதிய சின்னப் பசங்களைக்கூடப் பிடித்துப் போட்டார்கள். 2014-ல் சிலருடைய குடியுரிமையையே பறித்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தும் குடியுரிமை இல்லாத பிதூன் மக்கள் ஒரு லட்சம் பேர், அவர்கள் பிரச்சினை அவர் காலத்திலும் தீரவில்லை.

கத்தாருக்கும் சவூதிக்கும் நடுவில் உட்காரத் தெரிந்தவருக்குத் தன் ஊர் மக்களோடு உட்காரத் தெரியவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

---

முர்காப்வாசி

இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். நீங்கள் எழுதிய சம்பவங்கள் எல்லாம் நடந்தவை. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். ஊர்வல நாட்களில் எங்கள் கம்பெனி மந்தூப் (அரசாங்க அலுவலக வேலைகளைப் பார்ப்பவர்) வந்து "வெள்ளிக்கிழமை யாரும் இராதா சதுக்கம் பக்கம் போகாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஒரு ஓட்டு ஆணை அவர் செய்ததிலேயே எனக்குப் பிடிக்காத காரியம். பேச்சுக்கு இடம் இருந்தது, அவர் பேசவில்லை.

ஆனாலும் சிலதைப் பாருங்கள். 2006-ல் இளைஞர்கள் ஆரஞ்சுக் கொடி பிடித்து, தொகுதி எண்ணிக்கையை 25-லிருந்து 5 ஆக்கு, ஓட்டுக்குக் காசு கொடுப்பது ஒழியும் என்று போராடினார்கள். தேர்தலில் அவர்கள் பக்கம் ஜெயித்ததும் அதை ஏற்றுக்கொண்டார். 2013-ல் அந்த ஒரு ஓட்டு ஆணை அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனது, தீர்ப்பு எப்படி வந்தாலும் ஏற்பேன் என்று முன்கூட்டியே சொன்னார். ஒவ்வொரு முறை கலைத்தபோதும் தேர்தல் வைத்தார். 1976-லும் 1986-லும் முன்னிருந்தவர்கள் செய்ததுபோல் சபையை வருஷக்கணக்கில் மூடவில்லை. 2024 மே மாதம் இப்போதைய அமீர் ஷேக் மிஷால் நாடாளுமன்றத்தைக் கலைத்து, நான்கு வருஷம் வரை நிறுத்தி வைப்பதாக அறிவித்தாரே, அதோடு ஒப்பிட்டால்தான் சபாஹ் எந்தக் கோட்டைத் தாண்டாமல் இருந்தார் என்பது புரியும்.

---

கீழக்கரை மரைக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். முர்காப் காக்கா, 2015 ஜூன் 26-ஐ நீங்கள் எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன்.

ரமலான், வெள்ளிக்கிழமை. குவைத் சிட்டியில் இமாம் சாதிக் பள்ளிவாசல், ஷியா மக்களின் பள்ளி. ஜும்ஆ தொழுகையில் இருந்தவர்கள் நடுவில் ஐஎஸ் ஆள் வெடித்தான். 27 பேர் ஷஹீதானார்கள், காயம் 200 பேருக்கு மேல். நான் அப்போது அந்தப் பகுதிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கடையில் வேலை. சத்தம் கேட்டது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ரோடு முழுக்க ஆம்புலன்ஸ்.

அமீருக்கு அப்போது 86 வயது. ரத்தமும் உடைந்த ஓடும் கிடந்த இடத்துக்கு உடனே வந்து நின்றார். இரண்டாவது குண்டு இருக்கலாம், போகாதீர்கள் என்றவர்களுக்கு அவர் சொன்னது: "இவர்கள் என் பிள்ளைகள்." அந்த வார்த்தையை மறுநாள் சுவரில், கார் கண்ணாடியில், எங்கும் எழுதி ஒட்டியிருந்தார்கள். அவர் சுன்னி, இறந்தவர்கள் ஷியா. இராக்கிலும் சிரியாவிலும் அந்த இரண்டு பெயரைச் சொல்லித் தலையை அறுத்துக்கொண்டிருந்த வருஷம் அது. துக்கம் விசாரிக்கும் நிகழ்ச்சியைச் சுன்னிகளின் பெரிய பள்ளிவாசலில் வைத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு தரப்பும் ஒன்றாகத் தோள் சேர்ந்து தொழுதார்கள். குண்டு வைத்தவன் எதிர்பார்த்த சண்டை வரவே இல்லை. அல்லாஹ் அவருக்கு நல்லிடம் கொடுக்கட்டும்.

---

விசா 20

பேர்லயே தெரியும், நான் வீட்டு டிரைவர் விசாவுல போனவன். எல்லாரும் பெரிய விஷயம் பேசுறீங்க, நான் எங்க பக்கத்தைச் சொல்றேன்.

என் முதல் கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கிட்டு நாலு மாசம் சம்பளம் கொடுக்கல. வெளியே வந்து இக்காமா (தங்குற அனுமதி) இல்லாம கல்லிவல்லியா, அதாவது சட்டத்துக்கு வெளியே, ஜலீப் ஏரியாவுல ஒளிஞ்சு வேலை பாத்தேன். 2018 ஜனவரி 29-ல பொது மன்னிப்பு வந்துச்சு. முதல்ல பிப்ரவரி 22 வரைக்கும்னு சொன்னாங்க, கூட்டம் தாங்கல, ஏப்ரல் 22 வரைக்கும் நீட்டிச்சாங்க. அபராதம் இல்லாம ஊருக்குப் போகலாம், புது விசாவுல திரும்பி வரவும் தடை இல்ல. எம்பஸி வாசல்ல விடியக்காலையில இருந்து வரிசை, கையில போட்டோவும் பழைய பாஸ்போர்ட் ஜெராக்ஸும். அவுட்பாஸ் (ஊருக்குப் போறதுக்கான தற்காலிகப் பேப்பர்) கையில வந்த அன்னைக்கு எங்க ரூமே அழுதுச்சு. நான் திரும்பிப் போய் வேற வீட்டுல சேர்ந்தேன், அந்த முதலாளி தங்கமான மனுஷன்.

2015-ல வீட்டு வேலைக்காரங்களுக்குன்னு தனிச் சட்டம் போட்டாங்க. வாரம் ஒரு நாள் லீவு, நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல வேலை கூடாது, வருஷம் 30 நாள் சம்பளத்தோட லீவு. அடுத்த வருஷம் குறைஞ்ச சம்பளம் 60 தினார்னு வெச்சாங்க. காகிதத்துல நல்ல சட்டம். ஆனா வீட்டுக்குள்ள யாரு வந்து பாக்குறது? கஃபீல் முறையை அவர் எடுக்கல. அதை எடுத்திருந்தா மன்னிப்பே தேவைப்பட்டிருக்காது. இது என் வருத்தம்.

2017-ல 15 இந்தியர்களோட தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையா மாத்தினாரு, இன்னும் 119 பேருக்குத் தண்டனையைக் குறைச்சாரு. அந்தக் குடும்பங்களுக்கு அவர் யாருன்னு நாம சொல்ல வேண்டியதில்ல.

---

நெய்தல்கரை

விசா 20 அண்ணன் எழுதியதற்குப் பிறகு என் கேள்வி சின்னதாகத் தெரிகிறது, ஆனாலும் கேட்கிறேன். கத்தார் விவகாரத்தில் உண்மையிலேயே அவர் போரைத் தடுத்தாரா?

---

வரலாற்றுக்கிறுக்கன்

தேதி வாரியாகச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

2017 ஜூன் 5: சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை முறித்து, தரை, கடல், வான் வழிகளை அடைக்கின்றன. ஜூன் 6: சபாஹ் ஜித்தாவுக்குப் பறந்து மன்னர் சல்மானைச் சந்திக்கிறார். ஜூன் 7: துபாய், அன்றிரவே தோஹா. ரமலான் நோன்புக் காலம், வயது 88-ஐ நெருங்குகிறது, மூன்று நாடுகளுக்கும் இரண்டு நாளில். 2014-லும் சவூதி, அமீரகம், பஹ்ரைன் மூன்றும் கத்தாரிலிருந்து தூதர்களைத் திரும்பப் பெற்றபோது இவர்தான் ஓடினார். அதனால் யார் எதற்குக் கோபப்படுவார், யாரிடம் எந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

செப்டம்பர் 7, வெள்ளை மாளிகை. டிரம்ப் பக்கத்தில் நின்றுகொண்டு, இராணுவ நடவடிக்கையை நிறுத்திவிட்டோம் என்பதுதான் முக்கியம் என்றார். நான்கு நாடுகளும் உடனே அறிக்கை விட்டு, இராணுவ வழி எங்கள் யோசனையிலேயே இருந்ததில்லை என்றன. அவ்வளவு நிதானமானவர் காரணமில்லாமல் அந்த மேடையில் அதைச் சொல்லியிருக்க மாட்டார் என்பது என் துணிபு.

டிசம்பரில் குவைத்தில் வளைகுடா உச்சி மாநாடு. சவூதி மன்னரும் அமீரகத் தலைவரும் வரவில்லை. கத்தார் அமீர் வந்தார். அந்த அவமானத்தையும் விழுங்கிக்கொண்டு தொடர்ந்து கடிதம், தூதர் என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். 2021 ஜனவரி 5-ல் சவூதியின் அல்-உலாவில் சமரசம் கையெழுத்தானது. அவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒப்பந்தத்துக்கு முந்தின நாள் எல்லை திறப்பதை அறிவித்தவர் குவைத் வெளியுறவு அமைச்சர்தான்.

---

யாழ்வாடை

சவூதியின்ரை சவூத் அல்-ஃபைசலும் 1975-இலிருந்து 2015 மட்டும் 40 வருசம் வெளியுறவு பார்த்தவர்தானே. ரெண்டு பேரிலயும் ஆர் பெரிய ஆள் எண்டு நினைக்கிறியள்?

---

முர்காப்வாசி

அக்கா, சவூத் அல்-ஃபைசல் பிரின்ஸ்டனில் பொருளாதாரம் படித்தவர், மன்னர் ஃபைசலின் மகன். பெரிய நாட்டின் பலத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு பேசியவர். 1989 தாயிஃப் ஒப்பந்தம், லெபனான் போரை முடித்ததில் அவருடைய உழைப்பு சாதாரணமில்லை. ஆனால் அவர் பேசி முடியாவிட்டாலும் சவூதி சவூதியாகவே இருக்கும். சபாஹுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் என் ஓட்டு சபாஹுக்கு.

இன்னொன்று. சபாஹின் சொந்த வாழ்க்கையில் துக்கம் அதிகம். ஒரு மகன் இளம் வயதிலேயே கார் விபத்தில் போய்விட்டார். மகள் சல்வா 2002-ல் நோயில் இறந்தார். தன் இல்லத்துக்கு அந்த மகள் பெயரையே வைத்தார், தார் சல்வா. வெளிநாட்டுத் தலைவர்களையும் அவர் வரவேற்றது அந்தப் பெயருள்ள வீட்டில்.

---

செந்தூரன்_திருச்சி

சிரியா அகதிகளுக்காக 2013, 2014, 2015 மூன்று வருஷமும் குவைத்தில் நிதி மாநாடு நடத்தியதை நானும் பாராட்டுகிறேன். முதல் வருஷம் 150 கோடி டாலர், பிறகு 240 கோடி, 380 கோடி என்று வாக்குறுதி வந்தது. குவைத் தன் பங்காக 30 கோடி, பிறகு இரண்டு வருஷமும் 50 கோடி. 2014-ல் பான் கீ மூன் கூப்பிட்டு கௌரவித்தார். அதெல்லாம் சரி. யேமன் பேச்சுவார்த்தை மட்டும் ஏன் தோற்றது? அதுவும் அவர் வீட்டு முற்றத்தில்தானே நடந்தது?

---

வரலாற்றுக்கிறுக்கன்

யேமன் அவருக்குப் பழைய பாடம். வடக்கு யேமனும் தெற்கு யேமனும் 1979-ல் போரில் இறங்கியபோது, அந்த மார்ச் மாதக் கடைசியில் இரண்டு தலைவர்களும் குவைத்தில் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். 1982-ல் ஓமானும் தெற்கு யேமனும் சமாதானமானதும் குவைத்தில்தான். அந்த அனுபவத்தில்தான் 2016 ஏப்ரலில் ஹூதிக் கிளர்ச்சியாளர்களையும் அதிபர் ஹாதியின் அரசையும் குவைத்தின் பயான் அரண்மனையில் உட்கார வைத்தார். ஐ.நா. தூதர் இஸ்மாயில் ஒல்த் ஷேக் அஹ்மத் நடத்த, மூன்று மாதத்துக்கு மேல் நடந்தது. நடுவில் பேச்சு முறியப் பார்த்தபோது அமீரே இரு தரப்பையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசித் திரும்ப அனுப்பினார்.

சிக்கல் வரிசையில் வந்தது. ஹூதிகள் முதலில் ஆயுதத்தை ஒப்படைத்து நகரங்களை விட்டு விலகட்டும், பிறகு ஆட்சிப் பங்கு என்றது ஹாதி தரப்பு. முதலில் கூட்டு அரசு, பிறகுதான் ஆயுதம் என்றார்கள் ஹூதிகள். 1979-ல் இரண்டு அரசுகள் பேசின, இரண்டிலும் கையெழுத்துப் போட்டால் கேட்கும் படை இருந்தது. 2016-ல் ஒரு பக்கம் நாட்டுக்கு வெளியே இருந்த அரசு, மறுபக்கம் தலைநகரைக் கையில் வைத்திருந்த இயக்கம், இருவருக்கும் பின்னால் ரியாத்தும் தெஹ்ரானும். ஜூலைக் கடைசியில் தலைநகர் சனாவில் ஹூதிகளும் முன்னாள் அதிபர் சாலிஹின் கட்சியும் தனி ஆட்சிக் குழு அறிவித்தார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் பேச்சு முடிந்தது. 2018 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் மறுபடி கூடினார்கள். ஹூதிக் குழுவைச் சனாவிலிருந்து அழைத்துப் போக விமானம் ஏற்பாடு செய்தது குவைத், அதே விமானத்தில் குவைத்தின் தூதரும் கூடவே உட்கார்ந்து போனார்.